நிழல்களிலிருந்து உருவம்

மலேசியாவில் பெரியவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறத்தாழ மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு தரும் கணக்கு இது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ சுகாதாரக் கிளினிக்கில் காலையிலேயே எண் வாங்கிக் காத்திருப்போரில் பலர் இந்நோய்க்கு மருந்து வாங்க வந்தவர்களே. பெரும்பாலோருக்கு மாத்திரையால் அழுத்தம் கட்டுக்குள் வந்துவிடும். சிலருக்கு மூன்று வகை மாத்திரை கொடுத்தும் இறங்காது. அப்பொழுது மருத்துவர் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவார். சிறுநீரகத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி எங்கேனும் குறுகிப் போயிருக்கிறதா என்று பார்ப்பதும் அத்தேடலில் அடங்கும்.

அந்தத் தமனியின் அகலம் ஏறத்தாழ ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அது குடலுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கிறது. கத்தி வைக்காமல் அதை எப்படிப் பார்ப்பது? இன்று அதற்குச் சி.டி. வருடி இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இக்கருவியைக் காணலாம். ஆயினும், அதன் திரையில் தெரிவது ஒளிப்படம் அன்று. அது கணக்கிட்டு வரையப்பட்ட படம். அந்தக் கணக்கு முறையை வகுத்தளித்தவர்களுள் ஒருவர் தமிழர். அவர் மருத்துவரும் அல்லர். கருவி செய்யும் பொறியியலாளரும் அல்லர். இயற்பியல் பேராசிரியரான அவர் பெயர் ஜி.என். இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், இன்றைய கேரளத்தின் எர்ணாகுளத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கோபாலசமுத்திரம். அவர் பெயரின் முன்னுள்ள ‘ஜி’ என்னும் எழுத்து அவ்வூரையே குறிக்கிறது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். தாயார் இலட்சுமி அம்மாள். மகனுக்குக் கணிதத்தின் மேல் பற்று வளர்ந்தது வீட்டிலேதான். பிற்காலத்தில் அவர் எந்தத் துறைக்குள் நுழைந்தாலும், அங்குள்ள சிக்கலை முதலில் ஒரு கணிதச் சிக்கலாக மாற்றிக்கொண்டே தீர்க்க முனைந்தார்.

பள்ளிக் கல்விக்குப்பின் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த துறை மின் பொறியியல். அக்கழகத்தில் அப்பொழுது இயற்பியல் துறையை நடத்தி வந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். இந்த மாணவரின் கூர்மையைக் கண்ட இராமன், இத்தனை கெட்டிக்காரர் மின் பொறியியலில் இருக்க வேண்டியவர் அல்லர் என்று அத்துறைத் தலைவரிடம் வாதாடித் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார் என்பர். பொறியியல் படிப்போர் இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. இராமனுக்கு நகைச்சுவையும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

இராமனிடம் அவர் படிகங்களையும் ஊடுகதிர்களையும் பற்றிக் கற்றார். ஒரு படிகத்தின் மேல் ஊடுகதிரைப் பாய்ச்சினால், அது சிதறி, ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளை வைத்துக்கொண்டு, படிகத்திற்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உருவத்தை அது விட்டுச்சென்ற தடத்திலிருந்து மீட்டெடுக்கும் வேலை அது. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையும் ஒரு வகையில் இதுதான். 1947இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1949இல் முனைவர் பட்டத்துடன் பெங்களூர் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையைப் புதிதாக அமைக்க முற்பட்டது. துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவர். இராமனின் பரிந்துரையின்பேரில் இராமச்சந்திரன் அத்துறைத் தலைவராக அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

என்ன ஆய்வைத் தொடங்குவது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்து அறிஞர் ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்ற செய்தி அவர் வழியாகக் கிடைத்தது. நம் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொலாஜன். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வால் நாணும் இவ்வாய்வுக்கு உதவியது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது கொலாஜன் என்ற கருத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, முறுக்கிய அக்கயிறு மேலும் ஒரு முறை சுருண்டிருக்கிறது என்று காட்டினர்.

இங்கேதான் அவருக்கு முதல் பெரிய சோதனை வந்தது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும் அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ரிச்சும் சென்னைக் குழுவின் அமைப்பில் குறை கண்டனர். அதில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களுடைய வாதம். உலகப் புகழ் பெற்றவர்கள் மறுத்துவிட்டார்களே என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. கோபத்தில் பதில் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நெருங்க முடியாது என்பதை அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசினார். அதன் பயனாக, வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் இணைந்து 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க இயலாது என்பதை அது ஒரே பார்வையில் காட்டியது. இன்று உயிர்வேதியியல் பாடநூல்கள் அதனை இராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கின்றன.

பலர் அவரை அறிந்திருப்பது இந்த வரைபடத்தால்தான். சிறுநீரகத் தமனியிடம் நம்மைக் கொண்டுசெல்வதோ அவருடைய மற்றொரு பணி.

1960களின் பிற்பகுதியிலிருந்து இராமச்சந்திரன் ஆண்டின் ஒரு பகுதியை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கழித்து வந்தார். 1970இல் சென்னையை விட்டு விலகி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கும் பணியில் ஈடுபட்டார். இக்காலத்தில் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஐந்தே பக்கம். ஊடுகதிர்ப் படங்களிலிருந்தும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் ஒரு பொருளின் முப்பரிமாண உருவை மீட்டெடுப்பது எப்படி என்பதே அதன் பொருள்.

இதை விளக்க ஒரு டுரியான் பழத்தை எடுத்துக்கொள்வோம். அதனைப் பிளக்காமல் உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று அறிய வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து ஊடுகதிர்ப் படம் எடுத்தால், முன்னுள்ள சுளையும் பின்னுள்ள சுளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிழலாய் விழும். எது முன், எது பின் என்று தெரியாது. பழத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழலை எடுத்தால்? அத்தனை நிழல்களுக்குள்ளும் பழத்தின் உட்புறம் முழுதும் ஒளிந்திருக்கிறது. அதை மீட்க முடியும் என்று 1917இலேயே யோகான் ராடோன் என்ற கணித அறிஞர் நிறுவியிருந்தார். முடியும் என்று நிறுவுவது வேறு. கணினி விரைவாகச் செய்யும்படி வழி சொல்வது வேறு.

எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிழலையும், அது வந்த திசையிலேயே திருப்பித் தாளின்மேல் தீற்றிவிடுவது. எல்லாத் திசையிலிருந்தும் தீற்றினால், பொருள் இருந்த இடத்தில் மை கூடுதலாகச் சேரும்; உருவம் தெரியும். இதைப் பின்வீச்சு எனலாம். ஆனால், இதில் ஒரு குறை இருக்கிறது. புள்ளி இல்லாத இடங்களிலும் கோடுகள் ஓடியிருக்குமல்லவா? அதனால் ஒரு சிறு புள்ளிகூட, சுற்றிலும் பனி படர்ந்த விளக்கைப் போல மங்கலாகவே தெரியும். ஐந்து மில்லிமீட்டர் தமனி இரண்டு மில்லிமீட்டராகக் குறுகியிருந்தால், அந்த மங்கலில் அது கரைந்தே போகும்.

அக்காலத்தில் இதற்கு வழங்கிய தீர்வு, நிழல்களை ஃபூரியே முறையில் அலைகளாகப் பிரித்து, மீண்டும் ஒன்றுசேர்ப்பது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. ஃபூரியே முறை இராமச்சந்திரனுக்குக் கைவந்த கலை, 1970இல்தான் ஆர். சீனிவாசனுடன் சேர்ந்து அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டிருந்தார். அப்படிப்பட்டவர், அடுத்த ஆண்டே ஃபூரியே முறை இல்லாமலே இதைச் செய்யலாம் என்று எழுதினார்.

அவர்கள் சொன்ன வழி இதுதான். தீற்றுவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலையும் திருத்திவிட வேண்டும். நிழலில் உள்ள ஒரு புள்ளியின் அளவை 0.25ஆல் பெருக்கிக்கொள்க. அதன் இருபுறமும் அடுத்துள்ள புள்ளிகளின் அளவை ஏறத்தாழ 0.101ஆல் பெருக்கி, அதிலிருந்து கழித்துவிடுக. இரண்டாம் புள்ளியைத் தொட வேண்டா. மூன்றாம் புள்ளிக்கு, முதல் புள்ளிக்குக் கழித்த வீதத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்தாம் புள்ளிக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. இப்படியே ஒற்றைப்படை இடங்களில் மட்டும் கழித்துக்கொண்டு போக வேண்டும். கழிக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் சரியாக 0.25 வரும் என்பது இதன் அழகு. கூர்மையான எண் கணிதம் தெரிந்த மாணவர் இதைத் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். இவ்வாறு திருத்திய நிழல்களைத் தீற்றும்போது, தேவையற்ற இடங்களில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மங்கல் விலகும், விளிம்பு துலங்கும். மேலும், எல்லா நிழல்களும் வந்து சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிழலும் வர வர அதைத் திருத்தித் தீற்றிக்கொண்டே போகலாம்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனுக்கு அருகே விம்பிள்டன் மருத்துவமனை ஒன்றில், உலகின் முதல் சி.டி. வருடியால் ஒரு பெண் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். படம் 80க்கு 80 கட்டங்களே கொண்டது. ஆயினும் மூளைக்குள் இருந்த கட்டியைக் காட்டிவிட்டது. ஹவுன்ஸ்ஃபீல்ட் பயன்படுத்திய கணக்கு முறை வேறு. ஊகித்து, ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே போகும் முறை அது. அவருக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963இலும் 1964இலும் இதற்கான கணிதத்தை வெளியிட்டிருந்தார். அப்பொழுது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1979இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அது அநீதி என்று தமிழில் பலர் எழுதியிருக்கின்றனர். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சொல்வோரும் உண்டு. இது மிகையான கூற்று. கருவியை உருவாக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். கணிதத்தில் முந்தியவர் கார்மாக். கன்வொலூஷன் எனப்படும் இத்திருத்த முறைக்கு மிக நெருங்கிய ஒன்றை, வானொலி வானியலுக்காக பிரேஸ்வெல், ரிடில் என்னும் இருவர் 1967இலேயே எழுதியிருந்தனர். இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் தங்கள் வழியில் அதனை அடைந்து, ஊடுகதிர்ப் படத்திற்குப் பொருந்துமாறு, கணினி எளிதில் பின்பற்றத்தக்க எண்களாகத் தந்தனர். 1974இல் ஷெப், லோகன் ஆகிய இருவர் அவ்வெண்களை மேலும் செப்பனிட்டனர். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சி.டி. வருடிகளில் பெரும்பாலும் இம்முறையே வழங்கிற்று. இது சிறிய பெருமை அன்று. அதற்கு மெருகேற்ற வேண்டிய தேவையும் இல்லை. இன்றும் பட மென்பொருள்களில் திருத்த முறைகளின் பட்டியலைத் திறந்தால், ‘ராம்-லாக்’ என்னும் பெயர் இருக்கும். இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணன் ஆகிய இரு பெயர்களின் தலையெழுத்துகள் சேர்ந்த பெயர் அது.

தொடக்கக் காலச் சி.டி. வருடிகள் மூளையையே படமெடுத்தன. வயிற்றுப் பகுதி மூச்சோடு அசையும், குடலும் அசையும். சிறுநீரகத் தமனியைப் பார்க்க வேகம் தேவைப்பட்டது. 1989ஐ ஒட்டிச் சுருள்முறை வருடி வந்தது. நோயாளி படுத்திருக்கும் மேசை நகர, ஊடுகதிர்க் குழாய் அவரைச் சுற்றி இடைவிடாமல் சுழலும். ஒரு முறை மூச்சை அடக்கும் நேரத்திற்குள் வயிறு முழுவதையும் எடுத்துவிடலாம். கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, அது தமனிக்குள் பாயும் அந்தச் சில விநாடிகளில் படமெடுத்தால், இரத்தம் ஓடும் வழி வெண்மையாய்த் துலங்கும். அதற்கு முன்பெல்லாம் தொடையிடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை உள்ளே செலுத்தித்தான் இதைப் பார்த்தார்கள்.

தமனி குறுகினால் இரத்த அழுத்தம் ஏன் கூட வேண்டும்? அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட் 1934இல் நாய்களின் சிறுநீரகத் தமனியைச் சிறு கவ்வியால் இறுக்கி இதற்கு விடை கண்டார். இரத்தம் குறைவாக வந்தால், உடல் முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டதென்று சிறுநீரகம் தவறாக எண்ணிக்கொள்கிறது. உடனே ரெனின் என்னும் பொருளைச் சுரந்து அழுத்தத்தை உயர்த்துகிறது. முதியோருக்குக் கொழுப்புப் படிவதால், பெருந்தமனியிலிருந்து பிரியும் இடத்திலேயே இத்தமனி அடைபடுவது வழக்கம். புகைப்போரும் இனிப்பு நீர் உள்ளோரும் இதற்கு எளிதில் ஆளாவர். இளம்பெண்கள் சிலருக்கோ, தமனியின் நடுப்பகுதி மணிமாலைபோல் ஆங்காங்கே சுருங்கி விரிந்திருக்கும். சி.டி. படம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டிவிடும். மருத்துவமும் அதற்கேற்ப மாறும். மணிமாலை போன்ற சுருக்கத்தைச் சிறு பலூனால் விரித்துவிட்டால் பலருக்கு அழுத்தம் குறையும். கொழுப்பு அடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே போதுமானது என்று அண்மைக் கால ஆய்வுகள் கூறுகின்றன. அயோடின் மருந்து நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யக்கூடும். ஆகவே மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டே இதற்கு அனுப்புவார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. கணினிகள் பன்மடங்கு விரைவானதும், ஹவுன்ஸ்ஃபீல்ட் தொடங்கிய அந்த ஊகித்துத் திருத்தும் முறை வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. குறைந்த ஊடுகதிரிலேயே தெளிவான படம் பெற அது உதவுகிறது.

இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். பிற்காலத்தில் தத்துவத் தருக்கத்தைக் கணிதமாக எழுதிப் பார்ப்பதில் ஈடுபட்டார். புரத ஆய்விலிருந்து அவர் விலகிப் போய்விட்டாரே என்று வருந்திய மாணவர்கள் உண்டு. முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். அப்பிரிவு அவரை மிகவும் தளர்த்தியது. அடுத்த ஆண்டு, படிகவியலில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் எவால்ட் பரிசை அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் அவருக்கு வழங்கியது. அப்பொழுது அவர் நோயுற்றிருந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தம் எழுபத்தெட்டாம் வயதில் அவர் சென்னையில் காலமானார்.